தரையில் ஒரு சொட்டும் இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: மாருதி எஸ்டீம் 1.3 நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

மாருதி எஸ்டீம் கார், 1298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) பெட்ரோல். சுசூகியின் ஜி13 வரிசை இன்ஜின். ஜிப்ஸி கிங்கில் இருப்பதும் இதே குடும்பம்தான். பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம், சிலிண்டர் லைனர் மட்டும் வார்ப்பிரும்பு. உறுதியான இன்ஜின், எண்ணெயும் தண்ணீரும் சரியாக இருந்தால் எளிதில் படுக்காது. ஆனால் முழுக்க அலுமினியம் என்பதால் உள்ளே ஊற்றும் தண்ணீரின் தரம் இதற்கு மிக முக்கியம். இந்த ஆய்வின் முடிவும் அங்கேதான் போய் நிற்கிறது.

புகார் இதுதான். ஏறக்குறைய வாரம் ஒருமுறை ரேடியேட்டர் கழுத்தில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஊற்ற வேண்டியிருக்கிறது. நிறுத்துமிடத்தில் ஈரம் இல்லை. டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டுவதில்லை. ஆயில் டிப்ஸ்டிக்கிலும் ஆயில் கேப்பின் அடியிலும், எண்ணெயில் தண்ணீர் கலந்தால் வரும் வெண்ணிறக் குழைவு இல்லை. வண்டிக்குள் இனிப்பு வாடை இல்லை, காலடி கார்பெட் நனையவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இன்ஜின் சில நொடிகள் ஆடிவிட்டுச் சரியாகிவிடுகிறது. அதைப் பழைய வண்டியின் குணம் என்று எடுத்துக்கொண்டு யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அதற்குள் ரேடியேட்டர் கேப் மாற்றியாகிவிட்டது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் மாற்றியாகிவிட்டது. பிறகு ரேடியேட்டரே புதிது போட்டாகிவிட்டது. ஒரு புட்டி ‘ஸ்டாப் லீக்’ திரவமும் உள்ளே போயிருந்தது. எதுவும் பலிக்காததால், அடுத்தது ஹெட் கேஸ்கெட்தான் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு), ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்ற கட்டத்தில் வண்டி ஆய்வுக்கு வந்தது.

இப்படிப் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போவதுதான் கூலன்ட் குறையும் வண்டிகளில் அதிகம் பணம் தின்னும் வழி. கசிவு எங்கே என்று தேடும் முன் அது எப்போது நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடாக ஓடும்போதா, நின்றபடி ஐடிலில் ஓடும்போதா, ஏற்றத்தில் மிதிக்கும்போதா, அணைத்தபிறகா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் பாதிக்கு மேல் தானாக விழுந்துவிடும்.

முதலில் அளவு

அளவு எடுக்க ஒரே ஒழுங்கு போதும். இரவு முழுக்க நின்று முற்றிலும் குளிர்ந்த இன்ஜின், சமதரை, எப்போதும் ஒரே இடம். ரேடியேட்டர் கேப்பைத் திறந்து கழுத்தின் விளிம்புவரை நிரப்ப வேண்டும். ரிசர்வ் டேங்கில் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்ட வேண்டும். அடுத்த முறை நிரப்பும்போது மில்லி அளவு குறித்த புட்டியிலிருந்து ஊற்றி எவ்வளவு போனது என்று எழுத வேண்டும். கூடவே ஓடிய கிலோமீட்டர், நெரிசலில் நின்ற நேரம், சூடாக எத்தனை முறை அணைத்தார்கள் ஆகியவையும் பதிவாக வேண்டும். சூடான இன்ஜினில் கேப்பைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும்; கேப் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

இந்த வண்டியின் பதிவில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நகரத்துக்குள் மட்டும் ஓடிய வாரத்தில் சுமார் 300 மில்லி குறைந்தது. நெடுஞ்சாலையில் அதைவிடப் பல மடங்கு தூரம் ஓடிய வாரத்தில் 100 மில்லிகூடக் குறையவில்லை. அதாவது இழப்பு தூரத்தைப் பொறுத்ததாக இல்லை. ஐடிலில் நின்ற நேரத்தையும் சூடாக அணைத்த தடவைகளையும் ஒட்டியே ஏறி இறங்கியது.

இன்னொன்று, கழுத்தில் மட்டம் இறங்கியபோதும் ரிசர்வ் டேங்கில் டேப் ஒட்டிய இடத்திலேயே மட்டம் நின்றது. பலரும் பார்க்காமல் விடும் அடையாளம் இது. பெரும்பாலானோர் டேங்கை மட்டும் பார்த்து, ‘ஃபுல்’ கோட்டில் இருக்கிறதே என்று திருப்தியடைந்து பானெட்டை மூடிவிடுவார்கள். இந்த அமைப்பில் டேங்க் வெறும் வரவு செலவுக் கலம். சூட்டில் விரியும் கூலன்ட் கேப்பின் பெரிய ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு டேங்குக்குப் போகும். குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, கேப்பின் நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து டேங்கிலிருந்து திரும்ப இழுக்கும். கழுத்தில் குறைந்தும் டேங்கில் குறையவில்லை என்றால் அந்தத் திரும்ப இழுக்கும் வேலை நடக்கவில்லை. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கேப்பின் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கழுத்துக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய குழாய் வெடித்துக் காற்றை இழுக்கலாம். அல்லது வேறெங்கோ ஒரு கசிவு வழியே காற்று உள்ளே வந்து வெற்றிடத்தை நிரப்பிவிடலாம்.

கேப் புதிது. புதிது என்பதற்காக நம்பிவிடாமல் டெஸ்டர் அடாப்டரில் மாட்டிப் பார்த்ததில் மேலே அச்சிட்டிருந்த 0.9 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்தில் சரியாகத் திறந்தது. நடு வால்வை விரல் நுனியால் இழுத்தபோது எளிதாகத் திறந்து மூடியது. மெல்லிய குழாயை ஒரு முனை அடைத்துத் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்ததில் குமிழி இல்லை. மிச்சமிருந்தது மூன்றாவது காரணம்: கூலன்ட் வெளியே போகும் அதே ஓட்டை வழியாகக் குளிரும்போது காற்று உள்ளே வருகிறது.

வெளிக்கசிவுகளை நீக்குதல்

தரையில் சொட்டு இல்லை என்பதால் வெளிக்கசிவு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சூடான பாகத்தின் மேல் கசியும் கூலன்ட் ஆவியாகி வெள்ளை அல்லது பச்சைக் கறையை மட்டும் விட்டுச்செல்லும். இந்த இன்ஜினில் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அதன் சீல் போனால் அடியிலுள்ள சிறு ஓட்டை வழியே கசிந்து மூடிக்குள்ளேயே காயும்; கீழ் விளிம்பில் கறை வரும்வரை தெரியாது. பம்ப்புக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், அதன் முனையிலுள்ள ஓ-ரிங் கெட்டிப்பட்டுப்போகும். ஹீட்டர் ஹோஸ்கள் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) நுழையும் இடம், சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டின் மூடி, பிளாஸ்டிக் தொட்டி வைத்த ரேடியேட்டர் என்றால் தொட்டியும் அலுமினியமும் மடித்துச் சேர்ந்திருக்கும் விளிம்பு ஆகியவற்றையும் விடக்கூடாது.

ஹோஸ் க்ளிப் கசிவுக்குத் தனிக் குணம் உண்டு. பழைய ரப்பர் கெட்டிப்பட்டு, காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கசியும். சூடேறி விரிந்ததும் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில் இன்ஜினைப் போடும் முன் டார்ச் அடித்து ஒவ்வொரு ஹோஸ் முனையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஏசி ஓடும் வண்டியின் அடியில் சொட்டும் சுத்தமான தண்ணீரைக் கூலன்ட் என்று எடுத்துக்கொண்டு அலைகிறவர்களும் உண்டு. தொட்டுப் பார்த்து, வழவழப்பும் நிறமும் இல்லையென்றால் அது ஏசி தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். எத்திலீன் கிளைகால் விஷம். நாயும் பூனையும் இனிப்புக்காக நக்கிச் சாகும் பொருள் அது.

அடுத்து பிரஷர் டெஸ்ட். கையால் அடிக்கும் பம்ப், ஒரு கேஜ், கழுத்துக்கேற்ற அடாப்டர் இருந்தால் போதும். கேப்பின் அளவான 0.9 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. பழைய ஹீட்டர் கோரையும் ஹோஸையும் நாமே வெடிக்க வைத்ததாகிவிடும். முக்கியமாக, இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான இன்ஜினில் அழுத்தம் ஏற்றினால் அது குளிரக் குளிர முள் தானாகவே இறங்கும். அதைக் கசிவு என்று படித்துவிட்டு நல்ல பாகத்தைக் கழற்றுவது அடிக்கடி நடக்கிறது.

இந்த வண்டியில் குளிர்ந்த நிலையில் 0.9 ஏற்றியதும் முதல் 10 நிமிடம் முள் அசையவில்லை. ஒரு மணி நேரத்தில் 0.6. பெரும்பாலான பட்டறைகளில் 5 நிமிடம் பார்த்து ‘நிற்கிறது, கசிவு இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். வாரத்துக்கு 300 மில்லி என்பது மிக மெல்லிய கசிவு; 5 நிமிடத்தில் அது முள்ளில் தெரியாது. முள் 0.6-இல் நின்ற நேரத்தில் மேலே சொன்ன இடங்கள் எல்லாவற்றையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்த்தபோது அத்தனையும் காய்ந்திருந்தன. அழுத்தம் இறங்குகிறது, வெளியே ஈரம் இல்லை. அப்படியானால் இன்ஜினுக்குள்தான் போகிறது.

ஹெட் கேஸ்கெட்டா?

இன்ஜினுக்குள் போகிறது என்றதும் ஹெட் கேஸ்கெட் என்று முடிவுக்கு வந்துவிடுவது வழக்கம். ஹெட்டைக் கழற்றுவது சின்ன வேலை இல்லை. டைமிங் பெல்ட், கேஸ்கெட் செட், ஹெட் முகத்தை லேத்தில் பிடிப்பது, வால்வு வேலை என்று அது நீண்டுகொண்டே போகும். கழற்றும் முன் மூன்று சோதனைகளில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று, பிளாக் டெஸ்ட் என்று சொல்லப்படும் ரசாயனச் சோதனை. நீல நிறத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது கூலன்டுக்கு மேலுள்ள காற்றைப் பல்ப் மூலம் உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். இன்ஜினைப் போடும் முன்பே கழுத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் அளவுக்குக் கூலன்டை இறக்கிக்கொள்ள வேண்டும். குழாய்க்குள் கூலன்ட் ஏறிவிட்டால் சோதனை கெட்டது. ஒருமுறை பார்த்துவிட்டு விடாமல், இன்ஜினை 2500 ஆர்பிஎம்மில் சில நிமிடம் பிடித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இங்கே நீலம் நீலமாகவே இருந்தது.

இரண்டு, குளிர்ந்த இன்ஜினைப் போட்டதும் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்ப்பது. ஹெட் கேஸ்கெட் வழியே எரிவாயு தண்ணீருக்குள் போகிறதென்றால் இன்ஜின் சூடாகும் முன்பே, முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகும். இங்கே அது சூட்டோடு சேர்ந்து மெதுவாகவே இறுகியது.

மூன்று, லீக்-டவுன். ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரெஷன் உச்சத்தில் நிறுத்தி, கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, பிளக் துளை வழியே காற்று ஏற்ற வேண்டும். ரேடியேட்டர் கழுத்தில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் வெடிப்பு. நான்கு சிலிண்டரிலும் ஒரு குமிழிகூட வரவில்லை.

மூன்றும் ஒரே பதிலைச் சொன்னபிறகு ஹெட்டைக் கழற்றும் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பிளக்குகள் வேறொரு செய்தி வைத்திருந்தன. மூன்று பிளக்கின் பீங்கானில் வழக்கமான இளம்பழுப்பு. ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தத் துளை வழியே போனில் இணைக்கும் சிறு போர்ஸ்கோப் கேமராவை விட்டுப் பார்த்தபோது பிஸ்டன் தலையில் கரி இல்லை, அலுமினியம் பளபளத்தது. பக்கத்துப் பிஸ்டன்களில் கறுப்புப் படிவு கனமாக இருந்தது. எரியும் அறைக்குள் தண்ணீர் நீராவியாகிக் கரியை உரித்தெடுக்கும்போதுதான் இப்படி ஆகும்.

கூலன்ட் அந்தச் சிலிண்டருக்குள் போகிறது. ஆனால் அந்தச் சிலிண்டரின் வாயு கூலன்டுக்குள் போகவில்லை. ஒருவழிப் பாதை. ஹெட் கேஸ்கெட்டில் இது அரிது, ஏனென்றால் எரியும் நேரத்தில் சிலிண்டர் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். வழி இருந்தால் வாயு முதலில் போய்விடும். எரிப்பு அழுத்தமே எட்டாத இடத்தில், அதாவது இன்டேக் வால்வுக்கு முன்னால் கசிவு இருந்தால் மட்டுமே இந்த அடையாளம் முழுமையாகப் பொருந்தும்.

இன்டேக் பக்கம்

ஜி13 இன்ஜினில் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருப்பது இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் பாகத்தில். ஹெட்டிலிருந்து வெளிவரும் சூடான கூலன்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் உள்ள ஒரு துளையைக் கடந்துதான் தெர்மோஸ்டாட்டுக்கும் அங்கிருந்து மேல் ஹோஸுக்கும் போகிறது. அந்த நீர்த்துளைக்குப் பக்கத்திலேயே, அதே கேஸ்கெட்டில், காற்று போகும் போர்ட் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது குறுகலான ஒரு சுவர். அந்தச் சுவர் அரித்தால் கூலன்டுக்கு நேர் வழி. வெள்ளைப் பிளக் இருந்தது இந்த நீர்வழியை ஒட்டிய சிலிண்டரில்தான்.

பதிவுப் புத்தகத்தில் ஐடிலில் அதிகம் போகிறது என்று வந்ததற்கும் விடை இங்கே இருக்கிறது. சூடான வண்டியில் கூலன்ட் அழுத்தம் 0.9 கிலோ வரை போகும். ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் சுமார் 18 அங்குலம் பாதரசம், அதாவது ஏறக்குறைய 0.6 கிலோ. ஒரு பக்கம் தள்ளுகிறது, மறுபக்கம் உறிஞ்சுகிறது. கேஸ்கெட்டின் குறுக்கே மொத்தம் 1.5 கிலோ வித்தியாசம். முழு ஆக்சிலரேட்டரில் மேனிஃபோல்டு வெற்றிடம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் வித்தியாசம் வெறும் 0.9. ஹெட் கேஸ்கெட் கசிவு பெரும்பாலும் இதற்கு நேரெதிர்: ஏற்றத்திலும் பாரத்திலும் மிதிக்கும்போது மோசமாகும். மலையிலிருந்து கியரில் இறங்கும் நீண்ட இறக்கத்திலும் வெற்றிடம் ஐடிலைவிட அதிகமாக இருக்கும். மலைப்பாதையில் ஏறி இறங்கிய வண்டியில் ‘ஏற்றத்தில் எதுவும் இல்லை, இறங்கி வந்தபிறகு குறைந்திருக்கிறது’ என்று யாராவது சொன்னால் இன்டேக் பக்கம் முதலில் பார்ப்பது நல்லது.

அணைத்தபிறகு நடப்பது இன்னும் முக்கியம். இன்ஜின் நின்றதும் வெற்றிடம் போய்விடும். சூட்டின் அழுத்தம் மட்டும் நெடுநேரம் நிற்கும். அந்த நேரம் முழுக்கக் கூலன்ட் போர்ட்டுக்குள் மெதுவாக ஊறித் தேங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அந்தச் சிலிண்டர் காற்றோடு தண்ணீரையும் விழுங்கும். அதுதான் அந்தச் சில நொடி ஆட்டம். பின்னால் நின்று பார்த்ததில் சைலன்சரில் ஒரு கீற்று வெண்புகை வந்து உடனே மறைந்தது. ஊட்டிக் குளிரில் எந்த வண்டியும் காலையில் வெள்ளை ஆவி விடும். சென்னையின் வெதுவெதுப்பான காலையில் அது வந்தால் சந்தேகப்பட வேண்டும். அழுத்தம் இறங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும் கட்டத்தில் கேப்பின் வால்வைத் திறக்கச் செய்வதைவிட இந்த ஓட்டை வழியே காற்றை இழுப்பது எளிது. ரிசர்வ் டேங்க் அசையாமல் நின்றது அதனால்தான்.

கழற்றும் முன் இன்னொரு சந்தேகத்தை நீக்க வேண்டியிருந்தது. எம்பிஎஃப்ஐ வண்டியில், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கும் இரண்டு சிறு கூலன்ட் ஹோஸ்கள் போகும். அங்கே உள்ளே கசிந்தாலும் கூலன்ட் இன்டேக்குக்குள்தான் விழும். இரண்டு ஹோஸையும் த்ராட்டில் பாடியிலிருந்து கழற்றி ஒரு சிறு குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு மறுபடி பிரஷர் டெஸ்ட். அதே வேகத்தில் இறங்கியது. த்ராட்டில் பாடி குற்றவாளி இல்லை. அந்தச் சோதனையிலேயே கசிவு நின்றிருந்தால் மேனிஃபோல்டைத் தொடாமல் சின்ன வேலையோடு முடிந்திருக்கும். எனவே இதை விடக்கூடாது.

கடைசிச் சான்றுக்காகக் கூலன்டில் புற ஊதா சாயம் கலந்து ஒரு நாள் ஓட்டி, 0.9 அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விடப்பட்டது. காலையில் முதலில் நான்கு பிளக்கையும் கழற்றியாக வேண்டும். அழுத்தம் வைத்த இன்ஜினை அப்படியே ஸ்டார்ட் செய்தால், சிலிண்டரில் தண்ணீர் நிறைந்திருக்கும் பட்சத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் அமுங்காது. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றியபோது அந்த ஒரு துளையிலிருந்து மட்டும் ஈரத் தூறல் வந்தது. த்ராட்டிலைத் திறந்து போர்ஸ்கோப்பை விட்டு, புற ஊதா டார்ச் அடித்ததில் அந்தப் போர்ட்டின் தரையில், கேஸ்கெட் விளிம்பிலிருந்து வால்வு நோக்கி மஞ்சள்பச்சையில் ஒரு கோடு ஒளிர்ந்தது. மற்ற மூன்று போர்ட்டும் இருட்டாகவே இருந்தன.

கழற்றியபோது கண்டது

நீர்த்துளையைச் சுற்றிக் கேஸ்கெட்டின் பூச்சு முழுக்க உரிந்திருந்தது. மேனிஃபோல்டு முகத்தில் துளையின் ஓரம் வெண்மையான பொடியோடு அரித்திருந்தது. நகத்தால் தடவினால் பள்ளம் பிடிபட்டது. அரிப்பு போர்ட்டை நோக்கி ஒரு மெல்லிய வாய்க்காலாக ஓடி விளிம்பைத் தொட்டிருந்தது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜ் விட்டதில் மேனிஃபோல்டு முகத்தில் 0.15 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது. இந்த முகத்துக்கு அனுமதி 0.10. ஹெட் பக்கத்து முகம் நேராக இருந்தது; மேலோட்டமான சில புள்ளிகள் மட்டுமே.

தெர்மோஸ்டாட்டில் காற்று போகும் சிறு துளை ஸ்டாப் லீக்கின் கட்டியால் அடைபட்டிருந்தது. அந்தத் திரவம் கசிவை அடைக்கவில்லை, அடைக்கக் கூடாத இடத்தை அடைத்தது. பட்டறைகளில் இன்னமும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வழக்கம் இருக்கிறது. நடுரோட்டில் ரேடியேட்டர் ஊசித்துளை விட்டு வேறு வழியே இல்லை என்றால் வீடு வந்து சேர உதவலாம். ஆனால் உள்கசிவுக்கு அது எந்த விதத்திலும் மருந்தாகாது. ஹீட்டர் கோரின் நுண்குழாய்களையும் தெர்மோஸ்டாட்டையும் கெடுக்கும்.

அரிப்புக்குக் காரணம் உள்ளே இருந்த தண்ணீர். குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் ஊற்றப்பட்டிருந்தன. போர் தண்ணீரில் உள்ள உப்பு, குறிப்பாகக் குளோரைடு, அலுமினியத்தின் மேல் இயற்கையாக உண்டாகும் பாதுகாப்புப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கும். கேஸ்கெட் ஓரம் போன்ற தேங்கும் இடுக்கில் அது இன்னும் வேகமாக நடக்கும். கூலன்டில் உள்ள தடுப்பு ரசாயனம்தான் இதைத் தடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை வெறும் தண்ணீர் ஊற்றும்போதும் அது நீர்த்துப்போகிறது. காலப்போக்கில் தானாகவும் தீர்ந்துபோகிறது. நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த மேனிஃபோல்டு முகத்தைக் காட்டினால் போதும்.

பழுதுபார்த்த முறை

எம்பிஎஃப்ஐ என்பதால் முதலில் பெட்ரோல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு லைன் அழுத்தம் தீர்க்கப்பட்டது. பிறகு பேட்டரி நெகட்டிவ் கழற்றி, குளிர்ந்த கூலன்ட் முழுக்க ஒரு டப்பாவில் வடிக்கப்பட்டது. சாக்கடையில் விடக் கூடாது. ஒவ்வொரு வேக்குவம் குழாய்க்கும் கழற்றும் முன்பே டேப்பில் எண் எழுதி ஒட்டியது பின்னால் நேரத்தை மிச்சப்படுத்தியது. மேனிஃபோல்டுக்கு அடியில் அதைத் தாங்கும் பிராக்கெட் ஒன்று உண்டு. அதைக் கழற்றாமல் நெம்பினால் அலுமினியம் உடையும்.

ஹெட் முகத்தில் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் கேஸ்கெட் ரிமூவரும் மட்டும். கிரைண்டரில் மாட்டும் உராய்வுத் தட்டைப் பயன்படுத்தக் கூடாது. அதன் பொடி போர்ட் வழியே உள்ளே போய்ப் பிஸ்டன் ரிங்கையும் பேரிங்கையும் தின்னும். வேலை முடியும்வரை எல்லாப் போர்ட்டிலும் சுத்தமான துணி அடைத்திருக்க வேண்டும். கடைசியில் எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி எடுக்க வேண்டும்.

மேனிஃபோல்டு முகம் லேத் பட்டறையில் மெலிதாகப் பிடிக்கப்பட்டது. அரித்த வாய்க்கால் மறையும் அளவுக்கு மட்டும். பள்ளம் அதைவிட ஆழமாக இருந்தால் ஆர்கன் வெல்டிங் வைத்துப் பிறகு முகம் பிடிக்க வேண்டும், அல்லது நல்ல நிலையிலுள்ள வேறு மேனிஃபோல்டு தேட வேண்டும். எம்-சீல் போன்றவற்றால் நிரப்புவது சூட்டிலும் அழுத்தத்திலும் நெடுநாள் நிற்காது.

புது கேஸ்கெட் உலர்ந்த நிலையிலேயே வைக்கப்பட்டது. சிலிகான் பேஸ்ட்டைச் சுற்றிலும் பூசுவது இங்கே கெடுதல். பிதுங்கும் பகுதி உள்பக்கம் பிய்ந்து நீர்வழியில் மிதக்கும். நட்டுகள் நடுவிலிருந்து இரு ஓரத்துக்குமாக, இரண்டு சுற்றில், டார்க் ரெஞ்ச் கொண்டு 23 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கப்பட்டன. பழைய அலுமினியத்தில் ஸ்டட் திரெட் போவது சகஜம் என்பதால் கை அளவில் இறுக்குவதை நம்பக் கூடாது. தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும் புதிது. சிலிண்டருக்குள் கூலன்ட் போய்க்கொண்டிருந்ததால் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றப்பட்டன. டிப்ஸ்டிக்கில் குழைவு தெரியாவிட்டாலும் இதை விட்டுவிடக் கூடாது.

ஸ்டாப் லீக் மிச்சம் போகச் சுத்தமான தண்ணீரால் சிஸ்டம் அலசப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாமல் மூடியை மட்டும் பொருத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வடியும் தண்ணீர் தெளியும்வரை. கடைசி அலசல் டீமினரலைஸ்டு தண்ணீரில். அலுமினிய இன்ஜினுக்கேற்ற எத்திலீன் கிளைகால் கூலன்டும் டீமினரலைஸ்டு தண்ணீரும் பாதிப்பாதி கலந்து நிரப்பப்பட்டது. நம் தட்பவெப்பத்தில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அரிப்புத் தடுப்பு போதாது. நிறத்தை வைத்துக் கூலன்ட் வகையை முடிவு செய்யக் கூடாது. பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் வெறும் சாயம்.

காற்று எடுப்பதில் அவசரம் கூடாது. முன்பக்கம் சற்று உயரமாக நிறுத்தி, கேப் திறந்த நிலையில், ஹீட்டர் சூட்டில், குளிர்ந்த இன்ஜினைப் போட்டு மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிட வேண்டும். தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கியதும் மட்டம் திடீரென்று இறங்கும். உடனே நிரப்ப வேண்டும். குமிழி நின்றதும் கேப்பை மூடி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட வேண்டும். ஹீட்டரில் சூடான காற்று சீராக வந்தால் உள்ளே காற்று அடைபடவில்லை என்று அர்த்தம்.

சரிபார்ப்பு

குளிர்ந்தபிறகு அதே பிரஷர் டெஸ்ட் மறுபடியும். 0.9-இல் ஏற்றிய முள் ஒரு மணி நேரம் கழித்தும் அதே இடத்தில் நின்றது. நகர நெரிசலில் ஓட்டிய பிறகு காலையில் கழுத்தைத் திறந்தால் விளிம்புவரை கூலன்ட். இந்த முறை ரிசர்வ் டேங்க் சூட்டில் ஏறி, குளிரில் டேப் ஒட்டிய இடத்துக்கே இறங்கியது. கேப்பின் இரு வால்வுகளும் வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. காலை ஆட்டமும் நின்றது. வெள்ளையாக இருந்த பிளக்கின் இடத்தில் போட்ட புதுப் பிளக்கைச் சில நாள் கழித்துக் கழற்றிப் பார்த்ததில் மற்ற மூன்றைப் போலவே பழுப்பு நிறம் ஏறியிருந்தது.

காற்று முழுக்க வெளியேறும்வரை முதல் ஓரிரு நாளில் கழுத்தில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஒருமுறை நிரப்பினால் நின்றுவிடும். அதற்குப் பிறகும் இறங்கினால், நன்றாகக் குளிர்ந்த நிலையில் மேனிஃபோல்டு நட்டுகளின் டார்க்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, மேலே சொன்ன பிரஷர் டெஸ்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வண்டியில் எப்போதும் ஒரு லிட்டர் கலந்த கூலன்ட் வைத்திருப்பது நல்லது. போர் தண்ணீரைத் தேடிப் போக வேண்டிய நிலை வராது. கூலன்டைப் புட்டியில் குறித்த காலத்தில், குறியில்லை என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, முழுக்க வடித்து மாற்ற வேண்டும்.